மதுவரி அதிகாரி வறுத்த பார்லி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதையுங்கோ. உங்கள் பேத்தி இப்போதுதான் நித்திரையானாள். உண்மையாகவே நித்திரைதானா என்று இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. "மூச்சு விடுற பிள்ளையை எழுப்பி மூச்சு விடுறியோ எண்டு கேக்கிற ஒரே தாய் நீதான்" என்பீர்களே, அதே ஆள்தான்.

உங்கள் மருமகனுக்கு மிசிசாகாவில் இரவு வேலை. குசினியில் நானும் ஒரு மூட்டையும்தான் இருக்கிறோம். மூட்டையில் மோல்ட். முளைக்க வைத்துக் காயவிட்ட பார்லிக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று நீங்கள் கேட்டீர்களே, அதுதான். ஆனால் இந்த முறை வந்திருப்பது அசல் இங்கிலாந்துச் சரக்கு. அன்று எங்களுக்கு எங்கேயும் கிடைக்காதது. கீழ்மாடி ஜோர்ஜ்தான், கடைக்காரனுக்குச் சொல்லிவைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கியிருக்கிறார். மாலையில் மூட்டை வாயைக் கட்டியிருந்த நூலைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். காய்ந்த பிஸ்கட்டின் மணம் மெல்லியதாக வந்தது. நல்ல மணம். நான் எதிர்பார்த்த மணம் இல்லை.

நாளைக் காலை ஜோர்ஜ் மேலே வருவார். வரும் கிறிஸ்மஸ் நத்தாருக்கு அவருடைய ஏல் பியர் காய்ச்ச வேண்டும். அதுதான் இந்தக் கட்டடத்தில் அவருடைய கடைசி நத்தார். அது முடிந்ததும் மகன் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார். இப்போது காய்ச்சினால்தான் அதற்குள் முதிரும். "உன் அப்பா செய்தது போல" என்று கேட்டிருக்கிறார். அதில் எனக்கு ஒரேயொரு விஷயம் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்டு இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் வரிசையில் வந்து நிற்கிறது.

அம்மா போன பிறகு, கொழும்பில் லொட்ஜில் காத்துக் கிடந்து, எங்கள் ஸ்பொன்சரில் கனடாவில் வந்து இறங்கினீர்கள். வந்த முதல் சனிக்கிழமையே சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஊருக்கு ரிக்கற் போடுறது எப்ப?" என்று கேட்டீர்கள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி. ஊரில் ஷெல் விழுகிறது என்று சொன்னால், "ஷெல் எனக்குப் பழக்கம். உந்த ஹீற்றர் போடுற சத்தந்தான் பழகேல்லை" என்பீர்கள். குளிருக்குப் போடும் சப்பாத்து வாங்கப் போவோம் என்று மருமகன் கூப்பிட்டால், இரண்டு மாதத்தில் போகிறவனுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு, பாட்டா செருப்புக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தீர்கள். அன்று லொபியில் நின்ற பிள்ளைகள் உங்கள் காலைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எனக்கு அப்போது பிள்ளை பிறந்து சில மாதங்கள். பால் குடித்தால் ஏன் குடிக்கிறாள் என்று பயம், குடிக்காவிட்டால் ஏன் குடிக்கவில்லை என்று பயம். அதற்கு மேலே நீங்கள். ஒரு சனிக்கிழமை நான் வாய்தவறி "சரி அப்பா" என்று சொல்லிவிட்டால், நீங்கள் உண்மையிலேயே போய் அந்தச் சண்டைக்குள் இறங்கிவிடுவீர்கள். போகாமல் எப்படி நிறுத்துவது என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் தலைக்குள் ஓடியது.

நிறுத்தியது நான் இல்லை. நிலக்கீழ் மாடியில் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு வெள்ளைக்கார மனிதர் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். அவர்தான் ஜோர்ஜ், அவரும் மனைவியை இழந்தவர். உங்களைப் போலவே உடுப்புச் சுற்றுவதைப் படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் பற்றி யாரிடம் கேட்டாலும் முழிக்கிற நாட்டில், நீங்கள் ஏதோ சொல்ல அவர் அதற்கு மறுப்புச் சொல்ல, மெசின் நின்ற பிறகும் சண்டை நிற்கவில்லை. அன்று ஈர உடுப்போடு மேலே வந்தீர்கள். முகம் மட்டும் ஊரில் வழக்கு வென்று வந்த நாள் போல இருந்தது. அந்தக் கிழமை ரிக்கற் கேள்வி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. நான் கவனித்தேன்.

ஜோர்ஜ் இங்கிலாந்தின் வடக்கில் பிறந்தவர். தங்கள் ஊரில் நத்தாருக்கென்று காய்ச்சி மாதக்கணக்கில் முதிரவிடும் கடுமையான ஏல் பற்றிச் சொல்லிச் சொல்லி அழாக் குறை. இங்குள்ள பியர் எல்லாம் கழுவின தண்ணீராம். முன்பு தானே காய்ச்சியவர், இப்போது கை நடுங்குகிறது, வாளி தூக்க முடியாது. அதற்கு நீங்கள், நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். நீங்களோ வேலைக்காலம் முழுவதும் மதுவரித் திணைக்களத்தில் இருந்து, பனங்காணிகளுக்குள் களவாய்க் கசிப்புச் சாராயம் காய்ச்சியவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்து, பீப்பாய் பீப்பாயாக நிலத்தில் ஊற்றிய மனிதர். ஒரு துளி வாயில் பட்டதில்லை. கோட்டில், நீதவானுக்கு முன்னால் கூட, மணத்தை வைத்தே சாட்சி சொன்னவர்.

"எனக்குத் தெரியாத முறை கிடையாது" என்று அவருக்குச் சொன்னீர்களாம். அவர், "நீ பார்த்ததெல்லாம் உடைக்கிற முறைதானே" என்றாராம். அந்த ஒரு வார்த்தைதான் உங்களைக் கிளப்பியது என்று நினைக்கிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில், "பிள்ளை, நான் கொஞ்சம் பியர் காய்ச்சப்போறன்" என்றீர்கள். மருமகனுக்குப் பிட்டு தொண்டையில் சிக்கிவிட்டது. தண்ணீர் குடித்துத் தேறியதும் அவர் சொன்னார்:

"மாமா, ஊரிலை நீங்கள் பிடிச்ச ஆக்களுக்கு இது தெரிஞ்சால் பிளேன் ஏறி வந்து பாப்பாங்கள்."

நீங்கள் சிரிக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல் என்று என்னைத் தொலைபேசிக்கு அனுப்பினீர்கள். வீட்டுப் பாவனைக்கு என்றால் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது என்று சொன்னார்கள். நம்பவில்லை. சொன்னவரின் பதவி என்ன என்று கேட்டு, மறுபடியும் எடுக்கச் சொன்னீர்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் சாராய வேலையா என்று நினைத்தபடியே மறுபடியும் நம்பரை அழுத்தினேன். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் நீங்கள் ரிக்கற் பற்றி வாயே திறக்கவில்லை. ஏல் முதிர மாதக்கணக்கு ஆகும் என்று அறிந்தபோது, இந்த மனிதரை மாதக்கணக்குக்குக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடைக்காது என்று நான் பெரிய பானையைத் தேடி எடுத்துத் தந்தேன்.

காய்ச்சும் சாமான் விற்கிற கடை, பிளாசாவில் நகைக்கடைக்கும் பல்வைத்தியருக்கும் நடுவே இருந்தது. நானும் பிள்ளையுமாக உங்களோடு வந்தோம். கடையில் நின்ற தாடிக்காரன் பொறுமையாக விளக்கினான். ஏலுக்கு மோல்ட்தான் அடிச்சரக்கு. மற்றதெல்லாம் அதற்கு மேலே போடுகிற வாசனை. ஜோர்ஜ் சொன்ன இங்கிலாந்து மோல்ட் கைவசம் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. கனடாவில் விளைந்ததை மாற்றாகப் போடலாம். அது இன்னும் வெளிறியது, சுவை கொஞ்சம் குறைவு, அதனால் வேறு கறுத்த தானியம் ஒருபிடி சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கறுத்த தானியம் வேண்டாம் என்றீர்கள். அங்கேயே மெசினில் உடைத்துத் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றீர்கள். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"கண்ணுக்கு முன்னாலை நல்ல சரக்கைக் காட்டி, உள்ளை கொண்டுபோய் மாத்திற ஆக்களை நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கிறன்."

கறுத்த தானியம் ஏன் வேண்டாம் என்றதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த கிழமை பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறேன், எங்கள் கட்டட வாசலில் இரண்டு தீயணைப்பு வண்டி. இருபது மாடிச் சனமும் வெளியே நிற்கிறது. ஒருவர் தலையில் சம்பூ நுரையோடு, ஒரு அன்ரி சாமிப்படத்தை நெஞ்சோடு அணைத்தபடி. நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு காற்று என் பக்கம் வீசியது. நல்ல மணம், அப்பா. பங்குனி வெயிலுக்குள் அரிசிமா வறுக்கிற வீட்டைக் கடந்து போனால் வருமே, அதன் பெரியண்ணன். நடுவில் நீங்கள். கையில் அகப்பை. எதிரே தலைக்கவசத்தோடு ஒரு தீயணைப்புக்காரர், எது எரிந்தது என்று கேட்கிறார். நீங்கள் அறிக்கை எழுதுகிற ஆங்கிலத்தில், எதுவும் எரியவில்லை, பதமாக வறுபட்டிருக்கிறது என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் ஜோர்ஜ் வீட்டுச் செருப்போடு நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தான் கேட்ட ஏலுக்கான மோல்ட்தான் அது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மேலே போய்ப் பார்த்தால் பிட்டுமா வறுக்கிற தாச்சியில் கடைசி ஈடு. மூட்டை காலி. பழைய பெட்ஷீற்றில் பொன்னிறமாகப் பார்லி ஆறுகிறது.

"அப்பா, உதை ஏன் வறுத்தனீங்கள்?"

"சுவை குறைவு எண்டு அவன்தானே சொன்னவன். குறைஞ்ச சுவையை எப்பிடிக் கூட்டுறது? வறுக்கிறது."

"அவன் வறுக்கச் சொல்லேல்லையே."

"வறுக்காத தானியத்தை மனுசர் வாயிலை வைப்பினமோ? உன்ரை கொம்மா பச்சை மாவிலை ஏதாவது செய்து தந்திருக்கிறாவோ?"

நானே பிள்ளைக்குக் குரக்கன் கூழ் கரைக்கும்போது வறுத்துத்தான் கரைத்தேன். எங்கள் வீட்டில் மிளகாயிலிருந்து உழுந்துவரை வறுக்காமல் உள்ளே வந்த ஒன்று உப்புத்தான்.

மறுநாள் ஜோர்ஜ் வந்து குசினிக் கதிரையில் உட்கார, மிக்சியில் அடித்த பார்லியை வெந்நீரில் ஊற வைத்தீர்கள். தண்ணீர் கொதிக்கவும் கூடாது ஆறவும் கூடாது என்று அவர் எச்சரித்திருந்தார். நீங்கள் எதையும் விடாமல் பார்க்கிறவர். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு நான் வைத்திருந்த பிளாஸ்டிக் வாத்து வெப்பமானியை எடுத்து அதற்குள் மிதக்க விட்டிருந்தீர்கள். சிவப்புக் கோடு உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு ஒருநாளும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு சில நாள் நான் பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் கூட இறக்கப் பயந்தேன். பானை ஆறக்கூடாது என்று அவளுடைய போர்வையைச் சுற்றிக் கட்டியது நீங்கள்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் அது தேன்போல் இனிக்க வேண்டுமாம். ஜோர்ஜ் கரண்டியில் எடுத்துச் சுவைத்தார். மறுபடியும் சுவைத்தார். கஞ்சி என்றார்.

இங்கேதான் என் படிப்பு வேலைக்கு வந்தது. இரசாயனத்தில் பட்டம் எடுத்து, இந்த நாட்டில் நான் அதைப் பாவித்த ஒரே நாள். பிள்ளையின் மருந்துப் பெட்டியிலிருந்து அயடீனை எடுத்து, கோப்பையில் கொஞ்சம் கஞ்சி விட்டு ஒரு துளி போட்டேன். கருநீலம். இருட்டுப் போல. பள்ளிக்கூடத்தில் மாப்பொருளுக்குச் செய்து காட்டுவார்களே, அதேதான். மா மாவாகவே கிடக்கிறது, சீனியாக மாறவில்லை. மாற்றுகிற நொதியம் முளைத்த தானியத்துக்குள்ளேயே இருக்கும், அதிக சூட்டில் அது செத்துப்போகும் என்று நான் சொன்னேன். ஜோர்ஜ் மெதுவாக உங்கள் பக்கம் திரும்பினார். நேற்று வந்த தீயணைப்பு வண்டிக்கும் இந்தப் பானைக்கும் உள்ள உறவு அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"வறுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

கோப்பையைக் கையில் எடுத்து அந்தக் கருநீலத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு, தமிழில், அவருக்கு விளங்காதபடி என்னிடம் சொன்னீர்கள்: "பிள்ளை, அந்த ரிக்கற் அலுவலை ஒருக்கா விசாரி."

நான் பயந்து பயந்து காத்திருந்த வாக்கியம் அது. இவ்வளவு நாளும் நான் கவலைப்பட்ட எதுவும் இல்லாமல், ஒரு பானைக் கஞ்சியால் வந்து நின்றது. நான் அன்று குரலை உயர்த்தினேன். உங்களோடு ஒருநாளும் உயர்த்தாத குரல். "ரிக்கற்றைப் பேந்து பாப்பம். முதல்ல கடைக்குப் போய், நொதியம் கூடின மோல்ட் என்ன இருக்கெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. கெதியா. பானை ஆறமுதல்." அதையே ஆங்கிலத்தில் ஜோர்ஜுக்கும் சொன்னேன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பினார். இரண்டு பேரும் போனீர்கள். ஜோர்ஜால் தூக்க முடியாது, உங்களுக்கு முதுகுவலி, ஆகவே போகும்போது பிள்ளையின் தள்ளுவண்டியையும் உருட்டிக்கொண்டு போனீர்கள்.

கடையில் நடந்ததை ஜோர்ஜ் இன்றும் சொல்வார். தாடிக்காரன் வறுத்த கதையைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். பிறகு ஆறு வரிசைப் பார்லி என்று ஒன்றைக் காட்டினானாம். கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கிற சாதி. உமி கூட, கரடுமுரடு, உயர்ந்த ஏலுக்கு ஒருவரும் அதை அடிச்சரக்காக எடுக்க மாட்டார்கள். ஆனால் நொதியம் கொள்ளை. தன் மாவையும் சீனியாக்கி, பக்கத்தில் கிடக்கிறதன் மாவையும் சீனியாக்கும். நீங்கள் அதை உள்ளங்கையில் போட்டுப் பார்த்து, இவன் ரெண்டு சிப்ட் அடிக்கிற எங்கடை பெடியன் என்று சொன்னீர்களாம். ஜோர்ஜுக்கு விளங்கப்படுத்தியும் இருக்கிறீர்கள். இந்த முறை அங்கேயே உடைத்துத் தரச் சொன்னீர்கள். மெசினுக்குப் பக்கத்தில் நின்று கண் வெட்டாமல் பார்த்தீர்களாம்.

திரும்பும்போது லிப்டுக்குள் எட்டாம் மாடி அன்ரி ஏறினா. தள்ளுவண்டிக்குள் போர்வையால் மூடி ஏதோ கிடக்கிறது. அவ குனிந்து, "பேத்தியோ? முகத்தை ஏன் மூடி வைச்சிருக்கிறியள் அண்ணை?" என்று விலக்கப் போக, நீங்கள் கையைக் குறுக்கே வைத்து, "தொடாதையுங்கோ. இப்பதான் கண்ணயர்ந்தது" என்றீர்களாம். அன்ரி வண்டியை அமத்திப் பார்த்து, நல்ல பாரமான பிள்ளை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனா. வாழ்நாள் முழுக்கக் கடத்தல்காரரைப் பிடித்த மனிதர், லொபிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில் கடத்தல்காரர் ஆனார். அதை ஜோர்ஜுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் நீங்களே. அந்த அன்ரி அன்று மாலையே போன் எடுத்து, பிள்ளைக்குக் குரக்கனைக் குறை என்று எனக்குப் புத்தி சொன்னா.

ஆறு வரிசையைப் பானையில் கொட்டிக் கிளறி, மறுபடியும் போர்வை கட்டி வைத்தோம். ஹீற்றர் மட்டும் தன் சத்தத்தைப் போட்டது. நேரமானதும் நான் அயடீன் துளி விட்டேன். கருநீலம் வரவில்லை. மண்ணிறமாக அப்படியே நின்றது. ஜோர்ஜ் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நீங்கள் அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டீர்கள், "என்னவாம்?"

"இனிக்குதாம் அப்பா."

பிறகு வடித்து, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, வாளியில் மூடி, நாள்கள் போனபின் போத்தலில் அடைத்து உடுப்பு அலுமாரிக்குள் வைத்தோம். அந்த வருடம் என் சீலைகளில் எல்லாம் அந்த மணம். எவ்வளவு வறுத்தீர்கள், எல்லாமா அல்லது கொஞ்சம் வறுக்காமல் கலந்தீர்களா என்று உங்களைத் துருவித் துருவிக் கேட்டேன். முழுவதும் செத்திருந்தால் ஆறு வரிசை அவ்வளவு சுகமாக இழுத்திருக்காது என்று என் கணக்குச் சொன்னது. நீங்கள் கோட்டில் நிற்கிற மாதிரி நின்று, "தேவையான அளவு" என்றீர்கள். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

எங்கள் வீட்டில் சுவைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை என்பது நத்தாரன்றுதான் உறைத்தது. நீங்கள் தொடமாட்டீர்கள். நான் பால் கொடுக்கிறவள். மருமகன் வேலைக்குக் கார் ஓட்ட வேண்டும். ஜோர்ஜ் கழுத்துக்கு ரை கட்டிக்கொண்டு வந்தார். போத்தலைத் திறந்து ஊற்றினால் கறுத்த தேயிலைச் சாயம் போல இருக்கிறது. அவர் ஊரில் அது செம்பொன் நிறமாம். நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டித் தீர்ப்புக்கு நிற்கிறீர்கள். அவர் ஒரு மிடறு குடித்தார். வெளியே பார்த்தார். முழுவதும் குடித்தார்.

"இது எங்கள் ஊர் ஏல் இல்லை" என்றார்.

உங்கள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

"சரியாகச் சொல்வதென்றால் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்று கிளாசை நீட்டினார். அது முடிந்ததும், இரண்டாவதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது நியாயமில்லை என்றார். அதற்குப் பிறகு தங்கள் ஊர்க்காரருக்கு வறுக்கத் தெரியாது என்றார். அதற்கும் பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் அதுவரை கேட்டிராத கதை. நீங்கள் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இடையில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னீர்கள்:

"சாட்சி பிறழுறார், பிள்ளை. எழுதேலாது."

அடுத்த நாள் காலை மருமகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, நீங்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். உள்ளே பஞ்சு வைத்திருக்கிறதா என்று கேட்டீர்கள். பிறகு, "எனக்கும் உப்பிடி ஒண்டு வேணும். ஒரு நம்பர் பெரிசா. தடிச்ச காலுறை போடவேணும்" என்றீர்கள். மருமகன் என்னைப் பார்த்தார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று வெளியில் நின்று கதவைத் தட்டினீர்கள்.

அந்தச் சப்பாத்தை இரண்டு குளிர்காலம் போட்டீர்கள். இரண்டாவதில் ஒரு காலை, கீழே ஜோர்ஜிடம் போகிறேன் என்று குனிந்து நாடா கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு ஜோர்ஜ் அதே ரையோடு வந்தார். பெட்டிக்குள் ஒரு போத்தல் ஏல் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஐயரைக் கேட்டேன். குடிக்காத ஆளுக்கு எதற்கு என்று சொல்வார், சாத்திரம் சொல்வார் என்று நினைத்தேன். ஐயரோ, "போத்தல் நெருப்பிலை வெடிக்கும் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். உங்களுக்கு அந்தப் பதில் பிடித்திருக்கும்.

இப்போது இந்த மூட்டை. சரியான சரக்கு, அன்று கிடைக்காத சரக்கு. இன்று பின்னேரம் ஜோர்ஜ் மேலே வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். இதற்கு ஒரு மணமும் இல்லையே என்றார். நீங்கள்தானே இதைக் கேட்டீர்கள் என்று சொன்னேன். அது அப்போது, என்றார். இப்போது அவருக்கு வேண்டியது மாற்றுச் சரக்குத்தான். அசலை வைத்துக்கொண்டு அதைப் போலி போலச் செய்ய வேண்டும். தாடிக்காரனிடம் ஆறு வரிசைக்கும் சொல்லி வாங்கியாயிற்று. தாச்சியும் இருக்கிறது. புகை அலாரத்துக்கு என்ன செய்யலாம் என்று மருமகன் யோசிக்கிறார். எட்டாம் மாடி அன்ரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எப்போது வறுக்கப் போகிறாய் என்று கேட்டு வைத்திருக்கிறா, உடுப்புக் காயப்போடாமல் இருக்க.

நான் மாறவில்லை, அப்பா. பிள்ளை தும்மினால் இன்னும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் கிளினிக்கில் நேர்ஸ், பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறாள், எவ்வளவு குடிக்கிறாள், எவ்வளவு நேரம் படுக்கிறாள் என்று கேட்கத் தொடங்கினால், முன்பு தாளில் குறித்துக்கொண்டு போய் ஒப்புவித்தவள், இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தேவையான அளவு என்று சொல்கிறேன். அவவும் எழுதிக்கொள்கிறா. பாலையும் காய்ச்சலையும் கூட இப்போது மூக்கால்தான் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த மூக்குத்தான்.

ஆனால் மூக்குக்கும் ஒரு எல்லை இருக்கிறது. எல்லாவற்றையும் வறுத்தால் நொதியம் போதாமல் மறுபடியும் கஞ்சியாகுமோ என்று பயம். கொஞ்சமாக வறுத்தால் ஜோர்ஜ் குடித்துவிட்டு, மரியாதைக்காக நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம். அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கூடாது. இது எங்கள் ஊர் ஏல் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு அவர் மகனோடு போகட்டும்.

அதனால்தான் கேட்கிறேன். அன்று முழு மூட்டையையும் வறுத்தீர்களா, அல்லது பாதியைப் பச்சையாக விட்டீர்களா? இனி யாருக்கும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, என்னிடம் சொல்லலாம். காலை ஜோர்ஜ் கதவைத் தட்டும் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் நானே தாச்சியை வைத்து, தேவையான அளவு வறுப்பேன். பிழைத்தால் உங்களைத்தான் சொல்லுவேன்.

கெதியாய்ப் பதில் போடுங்கோ, அப்பா.